திருவிருந்துக்குப் போகாத எட்டரை வருடம்

எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் காணிக்கைப் பை கைமாறி வரும்போது அதிலிருந்து லேசாகப் புகையிலை வாசம் அடிக்கும். ஆலங்குளம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வீட்டுக்கு ஒரு பெண்ணாவது மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த காலம் அது. கடையில் கூலி வாங்கி முந்தானையில் முடிந்து வைத்த நோட்டுதான் ஞாயிற்றுக்கிழமை பையில் விழும். எல்லோரும் கூடிச் சாப்பிடுகிற அசன விழாவுக்கு அரிசி வாங்கியது, கோயிலுக்கு வெள்ளை அடித்தது, எல்லாவற்றிலும் அந்தப் பணம் உண்டு. என் பள்ளிக்கூடச் செலவும் அதே பணம்தான். அம்மா இலையைத் தண்ணீரில் நனைத்து, தகடு வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளைப் போட்டுச் சுருட்டி, நூலைச் சுற்றி, முனையை நகத்தால் மடக்குவாள். கண் பார்க்காமலே கை ஓடும். ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. பிரசங்கத்தில் ஐயர் (போதகரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்), குடி, பீடி, சினிமா என்று வரிசையாகச் சாத்தானின் கண்ணிகளைச் சொல்வார். அம்மா மற்றவர்களோடு சேர்ந்து ‘ஆமென்’ என்பாள். அப்போது எனக்கு அதில் ஒன்றும் உறுத்தவில்லை.

சிகரெட் பிடிப்பது வேதத்தின்படி பாவமா என்று பதினாறு வருடம் எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தவன் நான். வெளியே ஒருவரிடமும் கேட்கவில்லை. அதனால் என்னென்ன போயிற்று என்பதை எழுதி வைத்தால், இதே கேள்வியோடு இப்போது தனியாக அல்லாடிக்கொண்டிருக்கிற யாருக்காவது உதவும் என்று தோன்றியது. எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதி வருடமாவது மிஞ்சியிருக்கும்.

2006-ல் தூத்துக்குடியில் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். துறைமுகத்தில் கப்பல் ஏற்றுமதிக் காகிதம் பார்க்கிற வேலை. ராத்திரி ஷிப்ட் முடிந்து டீக்கடைக்குப் போனால் கையில் டீயோடு ஒன்று வந்துவிடும். முதலில் ஓசி, அப்புறம் ஒன்று, அப்புறம் நாலு, கடைசியில் எட்டு. எங்கள் டீக்கடையில் வேதாகம விவாதமும் நடக்கும். கூடப் பிடிக்கிற நண்பர் ஒருவர் கடற்கரைக்காரர், கத்தோலிக்கர். ‘எங்களுக்கு அளவுக்கு மிஞ்சினாத்தான் தப்பு’ என்பார். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 2290-ஆம் எண்ணில் உணவு, மது, புகையிலை, மருந்து எல்லாவற்றிலும் மிதமிஞ்சியதைத் தவிர்க்கச் சொல்கிறது. ஆனால் அதே வத்திக்கான் 2018-லிருந்து தன் எல்லைக்குள் சிகரெட் விற்பதையே நிறுத்திவிட்டது என்பதை நண்பர் வசதியாக விட்டுவிடுவார். என் தங்கை மாப்பிள்ளை பெந்தெகொஸ்தே சபை. அவரைப் பொறுத்தவரை பீடித்துண்டை மிதித்தால்கூடக் காலைக் கழுவ வேண்டும். நான் சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை. எங்களுக்கு ‘நல்லதல்ல’ என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஆலயத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் ஊதிக்கொண்டிருப்பார்கள். வெற்றிலையோடு புகையிலையை ஒதுக்கிக்கொண்டே கீர்த்தனை பாடுகிற பாட்டிகளை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வாயில் போட்டால் பழக்கம், பற்ற வைத்தால் பாவம்!

கல்யாணத்துக்குப் பிறகு குடும்பம் பாளையங்கோட்டையில். அங்கே நான் பிடிக்கிறது யாருக்கும் தெரியக் கூடாது. ஒளிப்பதற்கு நான் செய்த வேலைகளை இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. சட்டைப்பையில் ஏலக்காய். விரலில் எலுமிச்சை இலையைக் கசக்கித் தேய்ப்பது. அலுவலக மேஜையில் இன்னொரு சட்டை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டுப் பிடித்து முகத்தைக் காற்றுக்குக் கொடுத்தபடியே வருவது. ராத்திரி பத்து மணிக்கு ‘நடந்துட்டு வாரேன்’ என்று கிளம்பி மூன்று தெரு தள்ளிப் போய் ஒன்று. ஒரு சிகரெட் ஏழு நிமிடம் என்றால், ஒளிப்பதற்கு இன்னொரு ஏழு நிமிடம்.

2013-ல் பக்கத்து ஊரில் கெட்ட பழக்கங்களிலிருந்து விடுபட ஜெபிக்கிற மூன்று நாள் விடுதலைக் கூட்டம் ஒன்று நடந்தது. யார் நடத்தியது என்பதை விட்டுவிடுகிறேன். இரண்டாம் நாள் பிரசங்கியார் ஏசாயா 65-ஐ எடுத்து, ‘இவர்கள் என் நாசிக்குப் புகை என்று கர்த்தர் சொல்லுகிறார்! சிகரெட் புகை தேவனுடைய மூக்கிலே ஏறுகிறது!’ என்று சத்தமிட்டார். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. மேடைக்குப் போய்ப் பாக்கெட்டை வீசினேன். அழுதேன். தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். நன்றிக் காணிக்கையாக 5,000 ரூபாய் போட்டேன். அந்த மாதம் மகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்ட அம்மாவிடம் கைநீட்ட வேண்டி வந்தது.

ஒன்பது நாள் தாங்கியது. முதல் மூன்று நாள் நரகம். தூக்கமே இல்லை. மகள் பென்சிலைக் கீழே போட்டதற்குக் கை ஓங்கிவிட்டேன். மலச்சிக்கல். இருமல் குறைவதற்குப் பதில் கூடியது. கூட்டத்தில் தந்த நம்பருக்குப் போன் செய்து சொன்னால், ‘உள்ளே இருக்கிற ஆவி போராடுது பிரதர், உபவாசம் எடுங்க’ என்றார்கள். வெறும் வயிற்றில் இன்னும் மோசமானது. பத்தாம் நாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் கால் தானாகப் பெட்டிக்கடைக்குப் போயிற்று. முதல் இழுப்பில் தலை சுற்றியது. தேவன் என்னை விட்டுப் போய்விட்டார் என்று நிச்சயமாக நம்பினேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அந்த ஒன்பது நாள் எனக்கு நடந்ததில் ஒன்றுகூட மர்மம் இல்லை என்று பல வருடம் கழித்து ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. நிக்கோட்டின் நின்றால் மூளை கேட்கும். எரிச்சல், தூக்கமின்மை, கவனம் சிதறுவது, பசி, மலச்சிக்கல் எல்லாம் வரும். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். நுரையீரல் தன்னைச் சுத்தம் செய்ய ஆரம்பிப்பதால் சிலருக்கு இருமல் கூடவும் செய்யும். இது தெரியாமல் ஜெபத்தை மட்டும் நம்பி இறங்கினால், உடம்பு படுத்துகிற பாட்டை எல்லாம் ஆவிக்குரிய தோல்வியாக எண்ணிக்கொள்வோம். ஜெபம் பண்ணாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை நோய்க்காரர் ஜெபமும் பண்ணுகிறார், மாத்திரையும் போடுகிறார் அல்லவா, அந்த மாதிரி.

அந்தப் பத்தாம் நாளுக்குப் பிறகு நான், கோயிலில் அப்பமும் ரசமும் தருகிற திருவிருந்துக்குப் போவதை நிறுத்தினேன். அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், புசித்தால் குற்றவாளி என்று 1 கொரிந்தியர் 11 சொல்கிறதே, பயம். முதல் ஞாயிறு வந்தாலே ஏதாவது சாக்கு. வேலை, வயிற்று வலி, வண்டியை எடுத்து வெளியே நிறுத்துகிறேன். வரிசையாக எல்லோரும் எழுந்து பீடத்தண்டை போகும்போது நான் வெளியே செருப்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருப்பேன். எட்டரை வருடம். அந்த அதிகாரத்தை முழுதாக உட்கார்ந்து படிக்க எனக்கு அத்தனை வருடம் ஆயிற்று. அதை எழுதின பவுல் அங்கே திட்டுவது, வசதிக்காரர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றதைப் பற்றி. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்றுதான் அந்தப் பகுதி முடிகிறது. அதை வைத்து நான் என்னை நானே வெளியே தள்ளிக்கொண்டேன்.

அந்த வருடங்களில் வசனம் தேடுவதே எனக்கு ஒரு வேலையாக இருந்தது. தேடியதில் கிடைத்ததை நேர்மையாகச் சொல்கிறேன். புகையிலை என்ற சொல்லே வேதாகமத்தில் இல்லை, இருக்கவும் முடியாது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492-ல் கொலம்பஸ் போய் இறங்கிய பிறகுதான் மற்ற உலகம் அதைப் பார்த்தது. மோசேக்கும் தெரியாது, பவுலுக்கும் தெரியாது. எல்லோரும் முதலில் எடுத்து வீசுகிற வசனம் 1 கொரிந்தியர் 6:19, உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்பது. அதற்கு முந்தின வசனத்தைப் பார்த்தால் பேச்சு வேசித்தனத்தைப் பற்றியது. சரீரத்தைப் பேண வேண்டும் என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அப்படி எடுத்தால் ஐந்தாவது புரோட்டாவுக்கும் அது பொருந்தும். எதிர்ப் பக்கத்தில் மாற்கு 7 இருக்கிறது. வெளியே இருந்து உள்ளே போவது எதுவும் மனுஷனைத் தீட்டுப்படுத்தாது என்று இயேசுவே சொல்கிறார். அதை நான் ஆசையாகப் பிடித்துக்கொண்டேன். அங்கே விஷயம் கை கழுவாமல் சாப்பிடுவது, நுரையீரல் இல்லை என்பதைக் கண்டுகொள்ளவில்லை. அப்புறம், மேடையில் கேட்ட அந்த ஏசாயா 65:5. ஒரு நாள் முழு வசனத்தையும் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்தேன். ‘நீ கிட்ட வராதே, உன்னைவிட நான் பரிசுத்தன்’ என்று சொல்கிறவர்களைத்தான் கர்த்தர் தன் நாசிக்குப் புகை என்கிறார். பாதி வசனத்துக்கு நான் 5,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

என் கட்சிக்கு எனக்கு ஒரு பெரிய வக்கீலும் கிடைத்தார், ஸ்பர்ஜன். லண்டனில் ஆயிரக்கணக்கானோர் கூடிக் கேட்ட பிரசங்கியார். 1874-ல் அவருடைய சபையில் அமெரிக்காவிலிருந்து வந்த பென்டிகாஸ்ட் என்ற போதகர் சுருட்டை விட்ட தன் அனுபவத்தைச் சொல்லிப் பிரசங்கம் பண்ண, ஸ்பர்ஜன் எழுந்து, இன்றைக்கு ராத்திரி படுக்கப் போகும் முன் தேவ மகிமைக்கென்று ஒரு நல்ல சுருட்டுப் பிடிக்கப்போகிறேன் என்றாராம். பத்துக் கட்டளைகளைக் கைக்கொள்வதே எனக்குப் போதும், அதைப் பதினொன்று, பன்னிரண்டு ஆக்க எனக்கு எண்ணமில்லை என்றும் சொன்னார். அது பத்திரிகைகளில் பெரிய சண்டையாயிற்று. நான் இதைப் படித்துவிட்டு ஒரு வாரம் நிம்மதியாக ஊதினேன்.

இந்த நிம்மதிக்கு நடுவிலேயே விடவும் முயன்றேன், யாருக்கும் தெரியாமல். பதினைந்து நாளில் மறக்கடிக்கும் என்று விளம்பரம் செய்த ஒரு மூலிகைப் பொடி, கூரியரில் 3,500 ரூபாய். பேதி மட்டும் ஆயிற்று. மருந்துக் கடையில் நிக்கோட்டின் சூயிங்கம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். சாதா சூயிங்கம் மாதிரி மென்று முழுங்கினேன். விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல். இரண்டாம் நாளே மிச்சத்தைக் குப்பையில் போட்டேன். அந்தச் சமயத்தில்தான் ஆயுள் காப்பீடு ஒன்று எடுத்தேன். படிவத்தில் ‘புகைப்பழக்கம் உண்டா’ என்று கேள்வி. கொண்டுவந்தவர், ‘இல்லைன்னு போட்டுருங்க சார், பிரீமியம் கம்மி’ என்றார். போட்டேன். சிகரெட் பாவமா என்று புரட்டிப் புரட்டிப் படித்துக்கொண்டிருந்தவனுக்கு, கையெழுத்துப் போட்டுச் சொன்ன அந்தப் பொய் பாவமாகத் தெரியவே இல்லை, பாருங்கள். அப்படி மறைத்தது தெரியவந்தால் குடும்பத்துக்குப் போக வேண்டிய பணத்தை மறுக்க இடமிருக்கிறது. இதைப் படிக்கிற யாராவது அப்படிப் போட்டிருந்தால், இன்றைக்கே எழுதித் திருத்துங்கள். எனக்குப் பிரீமியம் ஏறத்தான் செய்தது. பரவாயில்லை.

மாட்டிக்கொண்டது 2022 ஜூலையில், அதுவும் செல்போன் வழியாக. பெட்டிக்கடையில் சில்லறைத் தொல்லை என்று ஸ்கேன் பண்ணியே பணம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடைக்காரர் தன் மனைவி பெயரில் கணக்கு வைத்திருந்தார். ஒரு நாள் கரண்ட் பில் கட்டியதைப் பார்க்க என் மனைவி போனை வாங்கினாள். ஒரே பெண் பெயருக்குத் தினமும் 17, 34, 51. ராத்திரி பத்தேகாலுக்கு 17. அவள் கத்தவில்லை. மகள் தூங்கிய பிறகு வந்து, ‘திருவிருந்து எடுக்காம இருந்ததுக்கும் இவங்கதான் காரணமா?’ என்று கேட்டாள். எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது, அதுதான் நான் செய்த பெரிய தப்பு. அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ‘சிகரெட்டா?’ என்றாள். ‘வெறும் சிகரெட்டுக்கா எட்டு வருஷமா என்னை இப்படி நினைக்க வச்சீங்க?’ அவள் எத்தனை நாளாகச் சந்தேகத்தோடு படுத்து எழுந்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

மறுநாள் அவளே சேகர ஐயரிடம், எங்கள் சபைப் போதகரிடம், என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ஓய்வு பெறப் போகிற வயசு அவருக்கு. நான் ஸ்பர்ஜன், மாற்கு 7 என்று என் வழக்கை எடுத்து வைத்தேன், பிறகு கொரிந்தியருக்குப் பயந்து வெளியே நின்றதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், ‘ஸ்பர்ஜன் ஒளிச்சுப் பிடிக்கலையே தம்பி’ என்றார். அப்புறம் சொன்னது இது: ஸ்பர்ஜன் காலத்தில் சுருட்டு நுரையீரலைத் தின்னும் என்று மருத்துவ உலகமே உறுதியாகச் சொல்லவில்லை. அது ஆராய்ச்சியில் வெளிவந்தது 1950-ல். அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை மருத்துவர் அறிக்கை விட்டது 1964-ல். இன்றைக்குப் பாக்கெட்டின் முக்கால் பங்குக்கு மேல் புற்றுநோய்ப் படம் போட்டுத்தான் விற்கிறார்கள். ‘தெரிஞ்சும் செய்யாம விடுறதப் பத்தி யாக்கோபு எழுதியிருக்காருல்லா, அது அவருக்கில்ல, நமக்கு.’ நான் 1 கொரிந்தியர் ஆறாம் அதிகாரத்தின் 19-ஆம் வசனத்தைப் பற்றி இழுத்தேன். அவர் வேதாகமத்தை என் பக்கம் திருப்பி, விரலை 12-ஆம் வசனத்தில் வைத்தார். ‘எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்.’ ‘இதுக்குப் பேரு பாவமா இல்லையான்னு நீரு பதினாறு வருஷம் கேட்டுட்டீரு. அடிமையா இல்லையான்னு கேட்டுருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். காலையில எந்திரிச்சு எத்தன நிமிஷத்துல பத்த வைப்பீரு?’ பத்து நிமிடம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது, ‘விட்டுட்டுத் திருவிருந்துக்கு வாரேன்’ என்றேன். ‘விட்டுட்டு வாரதுன்னா நீரு எப்ப வாறது? இந்த ஞாயித்துக்கெழம வாரும். டாக்டரையும் பாரும்’ என்றார். அந்த ஞாயிறு போனேன். காலையில் இரண்டு பிடித்துவிட்டுத்தான் போனேன். முழங்காலிட்டு நீட்டிய கையில் எலுமிச்சை இலை வாசம் அடித்தது.

டாக்டரைப் பார்க்கப் போனது அரசு மருத்துவமனையில். செலவு பஸ் டிக்கெட் மட்டும். அவரும் ஐயர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்! எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் என்றால் உடம்பு நன்றாகப் பிடிபட்டிருக்கிறது என்று அர்த்தமாம். அதனால் 4 மில்லிகிராம் சூயிங்கம் எழுதினார். நான் முன்பு கடையில் சும்மா வாங்கியது 2. மெல்லுகிற விதத்தையும் சொல்லிக் கொடுத்தார். மெதுவாக மெல்ல வேண்டும். மிளகு மாதிரி சுரீர் என்று வந்ததும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்க வேண்டும், பாட்டி புகையிலையை ஒதுக்குவதைப் போலவே. சுரீர் அடங்கியதும் மறுபடி இரண்டு மெல்லு, மறுபடி ஒதுக்கு. அரை மணி நேரம். அதற்குக் கால் மணி முன்னால் காபி, டீ, ஜூஸ் ஆகாது, மருந்து சரியாக இறங்காது. இது பத்தாதவர்களுக்கு மாத்திரையும் இருக்கிறது, டாக்டர்தான் எழுத வேண்டும். அப்புறம் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிற 1800-11-2356. இலவச எண். நாலு வருடமாகக் கையில் பிடித்துக்கொண்டிருந்த பாக்கெட்டில் இருந்த எண்ணை நான் ஒரு தரம்கூட அழுத்தியதில்லை. தமிழிலேயே பேசினார்கள். நிறுத்தும் தேதி ஒன்று குறிக்கச் சொன்னார்கள், ஆகஸ்ட் 16. பிறகு அவர்களே கூப்பிட்டு விசாரித்தார்கள்.

யாரும் சொல்லாத, ஆனால் எனக்கு ரொம்ப உதவிய ஒன்று டீ விஷயம். சிகரெட் புகை, காபி டீயில் இருக்கிற கஃபீனை உடம்பு சீக்கிரமாகக் கரைத்துவிடும்படி செய்கிறது. புகையை நிறுத்தினால் அதே ஒரு டம்ளர் காபி இரண்டு டம்ளர் மாதிரி வேலை செய்யும். 2013-ல் எனக்கு வந்த படபடப்பிலும் தூக்கமின்மையிலும் பாதி, கவலையில் நான் குடித்துத் தள்ளிய டீ. இந்த முறை ஆறு டீயை மூன்றாக்கினேன். தூக்கம் ஓரளவு வந்தது. ஆசை வரும்போது அது மூன்று நாலு நிமிடம்தான் உச்சத்தில் நிற்கும் என்றும் தெரிந்துகொண்டேன். அந்த நாலு நிமிடத்துக்கு ஒரு வேலை வேண்டும். நான் மனைவிக்குப் போன் செய்வேன். ‘வந்துட்டு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் கறிவேப்பிலை வாங்கினது, பக்கத்து வீட்டுச் சண்டை என்று ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள். யாரோ கடன் கேட்ட கதையைக்கூட அப்போதுதான் சொல்வாள். டீக்கடை நண்பர்களிடமும் சொல்லிவிட்டேன். கடற்கரைக்காரர் ஒரு வாரம் கிண்டல் பண்ணினார், பிறகு எனக்கு எதிரில் பற்றவைப்பதை நிறுத்தினார். எடை ஐந்து கிலோ ஏறியது. அதற்குப் பயந்து திரும்பப் போகாதீர்கள்.

ஒரு ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். மூன்று ரூபாயில் ஆரம்பித்த சிகரெட் பதினேழு வரை ஏறியது. சராசரி பத்து, நாளைக்கு எட்டு, 80 ரூபாய். வருடத்துக்கு 29,200. பதினாறு வருடத்துக்கு 4,67,200. பொடி, காணிக்கை, ஏலக்காய் எல்லாம் தனி. பணத்தைவிட என்னை எழுப்பி உட்கார வைத்தது வேறு ஒன்று. நான் பள்ளியில் படித்தபோது அம்மாவுக்கு ஆயிரம் பீடிக்குக் கிடைத்த கூலி 80 ரூபாய் இல்லை, அதைவிட ரொம்பக் குறைவு. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை அவள் குனிந்து சுருட்டியதைவிட அதிகமாக நான் ஒரு நாளில் ஊதியிருக்கிறேன். அப்பமல்லாததற்காகப் பணத்தைச் செலவழிப்பானேன் என்று ஏசாயா 55 கேட்பதை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், அன்றைக்குத்தான் அது என்னிடம் கேட்டது.

டிசம்பரில் ஒரு தடவை சறுக்கினேன். கூட வேலை பார்த்தவர் ஒருவரின் சாவு வீடு. வெளியே பந்தலில் எல்லோரும் நின்றார்கள், கை நீண்டுவிட்டது. பழைய நானாக இருந்தால் அன்றே எல்லாம் போச்சு என்று ஒரு பாக்கெட் வாங்கியிருப்பேன். அன்று ராத்திரியே மனைவியிடம் சொன்னேன். ‘சரி, நாளைக்கு எப்பவும் போல’ என்றாள். டாக்டரும், ஒன்று பிடித்ததற்காக முதல் நாளிலிருந்து எண்ணாதே, விட்ட இடத்திலிருந்து போ என்றுதான் சொன்னார். பெரும்பாலானவர்கள் முதல் முயற்சியில் விட்டவர்கள் இல்லையாம்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். அவள் பீடி சுற்றுவதை விட்டுப் பல வருடம் ஆகிறது, விரல் மடங்காது, கண்ணும் சரியில்லை. ஆனால் தட்டும் கத்தரியும் இன்னும் பரணில் இருக்கின்றன. பதினாறு வருடம் பிடித்தேன், இப்போது விட்டுவிட்டேன் என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தட்டை இறக்கச் சொன்னாள். கத்தரியை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

‘நான் சுத்துனத எவ வீட்டுப் பிள்ளையெல்லாம் குடிச்சிருக்கும். அதுக்கு நான் என்னன்னு ஜெபம் பண்ணட்டும், ராசா?’

எனக்குப் பதில் தெரியவில்லை. ஐயரைக் கேட்டாலும் சட்டென்று சொல்லியிருப்பாரா என்று சந்தேகம்தான். கத்தரியைத் திரும்பத் தட்டுக்குள் வைத்துவிட்டு, காபி போடட்டுமா என்று கேட்டாள்.

‘அரை டம்ளர் போதும்மா’ என்றேன்.